வெங்கச்சங்கல் தின்ற பல்

சங்ககிரியில் லாரி பாடி கட்டும் கொட்டகைகளைத் தாண்டிப் போனால் ஒரு வேப்பமரம். பெயர்ப் பலகை கிடையாது. தரையில் எண்ணெய்க் கறையும் மரத்தில் சாய்த்த கடப்பாரைகளும்தான் அடையாளம். டோசர் செயினுக்கு வைத்தியம் பார்க்கும் இடம் அது. நான் போன அன்று நின்றது ஒரு பழைய பெமல் டி-50. கோலார் தங்கவயலில் செய்தது; முப்பது வருடத்துக்கு மேல் மண் தள்ளியது. மஞ்சள் பெயிண்ட் பானெட் மூலையில் உள்ளங்கை அளவுக்கு மிச்சம் இருந்தது.

"இடது செயின் கழண்டு கழண்டு விழுகுதுங்ணா. இந்த வாரத்துல மூணு தடவை. இறுக்கினா ரெண்டு நாள் நிக்குது, மறுபடி விழுந்துடுது" என்றார் ஓட்டுநர்.

மேஸ்திரிக்கு அறுபது தாண்டியிருக்கும். பதில் சொல்லாமல், "பின்னாடி எடு" என்றார். வண்டி பத்தடி நகர்ந்தது. டக், டக் என்று பாறை உடைவதைப் போல ஒரு சத்தம். முன்னால் ஓட்டச் சொன்னார், சத்தம் அடங்கிவிட்டது.

செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அதற்கு மேல் உருளையாக ஒரு புஷ். செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் பிடித்துத் தள்ளுவது அந்தப் புஷ்ஷைத்தான். ஒரு பல்லில் புஷ் உட்கார்ந்தால் அடுத்த பல் சும்மா இருக்கும். மொத்தப் பற்களை ஒற்றைப்படையில் வைத்திருப்பதால், இந்தச் சுற்றில் சும்மா இருந்த பல் அடுத்த சுற்றில் வேலைக்கு வரும். வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடுவதைப் போலத் தேய்மானத்தைப் பங்கு போட்டிருக்கிறார்கள். உள்ளே பின் தேயத் தேய மூட்டுக்கு மூட்டு தூரம் கூடும். செயின் நீளும். நீண்ட செயினின் புஷ் பல்லின் அடியில் உட்காராமல் ஏறி நின்று சறுக்கும். அந்தச் சறுக்கல்தான் டக். பின்னால் போகும்போது முழு இழுவையும் தாங்கிக்கொண்டே புஷ் பல்லின்மேல் உரசித் திரும்ப வேண்டியிருப்பதால் அப்போதுதான் சத்தமும் தேய்மானமும் அதிகம்.

ஒரு பழைய பின்னை ஸ்ப்ராக்கெட் பல்லிடுக்கில் கொடுத்து வண்டியை லேசாகப் பின்னால் எடுத்தார்கள். மேல்பக்கச் செயின் விறைத்தது. நான்கு லிங்க்குக்கு டேப் பிடித்தார் உதவியாள். புதுச் செயினுக்கு இருக்க வேண்டியதைவிட 14 மில்லிமீட்டர் அதிகம். வலதுபக்கம் 13.

"ரெண்டும் ஒரே வயசு. அப்புறம் இடது மட்டும் ஏன் விழுகுது?" என்றார் மேஸ்திரி, யாரையும் பார்க்காமல். நீண்ட செயின்தான் காரணம் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

கழற்றுவதற்கு முன் செயினைத் தளர்த்த வேண்டும். கிரீஸ் அழுத்தத்தில் ஐட்லர் என்னும் முன்சக்கரத்தை முன்னால் தள்ளி இறுக்கும் அமைப்பு இது. கேமராவோடு வால்வுக்கு நேரே குனிந்தேன். உதவியாள் என் தோளைப் பிடித்து இழுத்துவிட்டான். "நேர்ல நிக்காதீங்க சார். தெறிச்சா கண்ணு போயிடும்." வால்வை ஒரே ஒரு சுற்று, அதுவும் பக்கவாட்டில் நின்றுகொண்டு திருகினான். கறுத்த கிரீஸ் புழுவைப் போல நெளிந்து வந்தது. பிறகு மாஸ்டர் பின்னைச் சம்மட்டியால் அடித்து வெளியேற்ற, செயின் தரையில் நீட்டிப் படுத்தது.

மேஸ்திரி ஸ்ப்ராக்கெட் பல்லைக் கட்டைவிரலால் தடவினார். எண்ணெய் டின்னில் வெட்டிய புதுப் பல்லின் அச்சு ஒன்றை வைத்திருக்கிறார். அதைப் பொருத்தினால் இரு பக்கமும் விரல் போகும் இடைவெளி. முனை கோழி அலகு மாதிரி கூர்ந்திருந்தது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. பல்லின் உள்பக்கம் மட்டும் கண்ணாடியாகப் பளபளத்தது. கீழ் ரோலர்களின் விளிம்பும் ஒரே பக்கமாகக் கரைந்திருந்தது. ஸ்ப்ராக்கெட்டிலிருந்து ஐட்லர் வரை கொத்தனார் நூலைப் பிடித்தார்கள். ஐட்லர் நூலோடு சேரவில்லை. டிராக் ஃபிரேமை வண்டியின் உடம்போடு பிணைக்கும் சாய்வுக் கையின் கீழே கடப்பாரை கொடுத்து நெம்பினார்; ஃபிரேம் ஒரு விரல்கடை ஆடியது. அந்தக் கையின் புஷ் தேய்ந்து ஓவலாகிவிட்டது. வண்டி திரும்பும்போதெல்லாம் ஃபிரேம் கோணிக்கொள்ள, செயின் வழி தவறி இறங்கிவிடுகிறது.

1904 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் பெஞ்சமின் ஹோல்ட் நீராவி டிராக்டரின் சக்கரங்களைக் கழற்றிச் செயினை மாட்டியது, கனத்த வண்டி சதுப்பு மண்ணில் புதையாமல் இருப்பதற்காக. சேற்றுக்குப் பிறந்த இந்தச் சாதனம் கொங்குச் சீமையில் வெங்கச்சங்கல் கலந்த செம்மண்ணில் உழைக்கிறது. பொடிந்த வெங்கச்சங்கல் இரும்பை அரம் போல ராவிவிடும். கரிசலின் தொந்தரவு வேறு மாதிரி. ஸ்ப்ராக்கெட்டில் அடைந்து, தளர்வாக விட்ட செயினையும் வில் நாண் போல விறைக்க வைக்கும். அதனால் மண்ணைப் பார்த்துத்தான் செயினை இறுக்குவார்கள். ஐட்லருக்கும் மேல் ரோலருக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தொங்கல் இருக்க வேண்டும். வண்டி வேலை செய்யும் இடத்தில், வேலை செய்யும் மண்ணோடு நிற்கும்போதே அளக்க வேண்டும். கழுவி நிறுத்திய வண்டியில் அளந்தால் பொய்க்கணக்கு.

"அப்ப நான் இறுக்கினது?" என்றார் ஓட்டுநர்.

"இறுக்கினதுலதான் மிச்சமிருந்த பல்லும் போச்சு."

செயினின் பின்னையும் புஷ்ஷையும் பிரஸ்ஸில் தள்ளி, அரைச்சுற்று திருப்பி மாட்டினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும்; இன்னொரு ஆயுள். அந்த வாய்ப்பு ஒரு தடவைதான். இந்தச் செயினுக்கு ஏற்கெனவே திருப்பியாகிவிட்டது. கூர்ந்த பல்லில் புதுச் செயினை மாட்டினால் புதுசும் சீக்கிரம் கெடும். மாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்துத்தான். முதலாளிகள் அதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்களாம். ஏரி வேலைக்குக்கூட ஜேசிபியை அழைக்கும் காலத்தில் பழைய டோசருக்கு யார் செலவு செய்வார் என்று எனக்கும் தோன்றியது. மேஸ்திரியிடம் அதைக் கேட்க மனம் வரவில்லை.

சாய்வுக் கையின் தேய்ந்த புஷ்ஷைச் சாக்கில் சுற்றி லேத்துக்கு அனுப்பினார்கள். ஓட்டுநர் தரையில் கிடந்த செயின்மேல் உட்கார்ந்து முதலாளிக்குப் போன் போட்டார்.

"பெருசா ஒண்ணுமில்லீங்க. ஒரு புஷ்ஷுதான். நாளைக்கு வண்டி வந்துடும்."

கையைத் துடைத்துக்கொண்டிருந்த மேஸ்திரி நிமிர்ந்தார். "பல்லையும் சொல்லிடு."

ஓட்டுநர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு மரத்துக்கு அந்தப்பக்கம் நடந்தார்.