பெருங்களத்தூரில் பிறந்த வண்டி

தாம்பரத்துக்காரர்களுக்கு வாய்த்த மலைகள் சிறியவை. பல்லாவரம், திரிசூலம், திருநீர்மலை, வண்டலூர் என்று ஏறத் தொடங்குவதற்குள் உச்சி வந்துவிடும் குன்றுகள். அவற்றிலும் பல்லாவரத்துப் பக்கம் கல் குவாரிகள் வெட்டி எடுத்ததுபோக மிச்சம்தான் நிற்கிறது. உண்மையான மலை வேண்டுமென்றால் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பி மேற்கே போயாக வேண்டும். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் வேளையில், ஆயுத பூஜையை ஒட்டி வரும் சனி ஞாயிறில், எங்கள் குடும்பம் அப்படி மேற்கே போகும். முடிச்சூர், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத், காஞ்சிபுரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கடைசியில் ஏலகிரி.

ஏலகிரி அங்கேயேதான் இருக்கிறது, இன்றைக்குக் கிளம்பினாலும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். நான் ஏங்குவது எங்களை அங்கே ஏற்றிக்கொண்டு போன வண்டிக்காக. அதைவிட, அப்படி ஒரு வண்டியைத் தன் கையால் செய்துகொண்டிருந்த எங்கள் ஊருக்காக.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். தாம்பரத்தை ஒட்டிய பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் செய்த கார். இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் நிறுவனமும் சென்னையின் யூனியன் கம்பெனியும் 1948இல் கைகோத்துத் தொடங்கிய முயற்சி அது. முதலில் வேன்கார்டு, பிறகு எயிட், டென் என்று வந்து, 1961இல் ஹெரால்டு வந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் முழுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தொழிற்சாலை ‘ஸ்டாண்டர்டு கம்பெனி’, கார் ‘எரால்டு’. பெரியப்பா அங்கே அசெம்பிளியில் கதவு பூட்டும் வேலையில் இருந்தார். தெருவில் நிற்கிற எந்த ஹெரால்டின் கதவை யார் அறைந்து சாத்தினாலும், வீட்டுக்குள்ளிருந்தே அந்தச் சத்தத்தை வைத்து, கீல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லுவார். எதிர் வீட்டுக்காரர் பெயின்ட் ஷாப். மூலை வீட்டு மாமா மெஷின் ஷாப். ஒரு காரை எடுத்துக்கொண்டால் எங்கள் தெருவில் கை படாத பாகம் குறைவு.

அந்தக் காருக்கு ஒரு பின்கதை உண்டு. 1950களில் இங்கிலாந்தில் கார்களுக்கு ஒரே கூடாக உடல் அடித்துத் தந்த ஆலைகளைப் பெரிய போட்டி நிறுவனங்கள் வாங்கிப்போட்டுவிட்டன. கவன்ட்ரி நிறுவனமான ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃபுக்கு முழுக் கூடு செய்து தர ஆள் இல்லை. அதனால் பழைய முறைக்கே திரும்பி, கீழே தனியாக ஒரு சேஸி, மேலே துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்குகிற பாடி என்று காரை வடிவமைத்தார்கள். இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலோட்டி அதற்கு உருவம் வரைந்தார். 1959இல் அங்கே ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் அது வெளிவந்தது. அவர்களுடைய நெருக்கடி எங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. துண்டுகளாகப் பூட்டுகிற கார் என்பதால் கடல் தாண்டிக் கொண்டுவந்து வேறொரு நாட்டில் கட்டுவது எளிது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

அதே சேஸியைக் குறுக்கி, இரண்டு பேர் மட்டும் உட்காருகிற, கூரை திறக்கிற ஸ்போர்ட்ஸ் காராக 1962இல் கவன்ட்ரியில் ஸ்பிட்ஃபயர் என்று ஒன்றை விட்டார்கள். அதை வரைந்தவரும் மிக்கெலோட்டிதான். உலகம் முழுக்க இளைஞர்கள் ஆசைப்பட்ட ஸ்பிட்ஃபயரும், பெருங்களத்தூரில் பால்காரர் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் ஹெரால்டும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். சிறு வயதில் இது எனக்குத் தெரியாது. தெரிந்த நாளில் எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லி முடியாது. சோழவரத்தில், பழைய ராணுவ விமானத் தளத்தில் நடந்த மோட்டார் பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. அது குடும்பஸ்தர்களின் கார் மட்டும்தான் என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் நான் விடாமல் வாதாடுவேன்.

ஆயுத பூஜையன்று கம்பெனிக்குள்ளே குடும்பங்களை விடுவார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், லைனில் நிற்கிற அரைகுறைக் கார்களுக்கும் மாலை. பாடி ஏற்றாத வெறும் சேஸிக்கு ஒருவர் பயபக்தியோடு பொட்டு வைத்ததைப் பார்த்திருக்கிறேன். பொரி, கடலை, சுண்டல் பொட்டலத்தோடு வீடு திரும்பினால், வாசலில் பெரியப்பாவின் பழைய மார்க் டூ ஹெரால்டு வாழைக்கன்று கட்டிக்கொண்டு நிற்கும். வெளிர் நீலம். இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கிவிட்டுத்தான் பிள்ளைகள் பின்னால் ஏற வேண்டும். நான்கு கதவு வைத்த மார்க் த்ரீ பிறகுதான் வந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டால் பயணத்துக்கு வண்டி தயார்.

விடியற்காலை இருட்டில் கிளம்புவோம். படப்பை தாண்டினால் இரண்டு பக்கமும் ஏரி, வயல். ஒரகடம் அப்போது ஒரு கூட்டுரோடு, ஒரு டீக்கடை, அவ்வளவுதான். காஞ்சிபுரத்துக்கு அப்பால் பாலாறு கூடவே வரும். ஐப்பசியிலும் மணல்தான். இந்த வருஷமாவது தண்ணீர் இருக்குமா என்று ஒவ்வொரு முறையும் பெரியம்மா எட்டிப் பார்ப்பார். ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வருவதைப் பின் சீட்டில் கண் மூடிக் கிடந்தாலும் தோல் பதனிடும் வாடையே சொல்லிவிடும். வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டுத் திருப்பத்தூர் ரோட்டில் திரும்பியதும் ஏலகிரியும் ஜவ்வாது மலையும் கண்ணில் படும். எந்த மேகம் எந்த மலையினுடையது என்று பிள்ளைகளுக்குள் சண்டை.

அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மலை ஏற்றம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். இந்தச் சாலையே 1960களில்தான் போடப்பட்டது. ஹெரால்டும் இந்தச் சாலையும் ஒரே தலைமுறை. இப்போது வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். பாரதி, வள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஒளவை என்று புலவர்களும், பாரி, காரி, ஓரி, அதியமான், பேகன் என்று வள்ளல்களும் வரிசையாக வருகிறார்கள். கொடுக்கிறவர்களையும் பாடுகிறவர்களையும் ஒரே மலையில் ஏற்றி வைத்த அந்த அதிகாரி யாரோ, அவருக்கு என் நன்றி.

எஞ்சின் 948 சிசி, சுமார் 35 குதிரைத்திறன். பெரியவர்கள் இரண்டு பேர், பின்னால் பிள்ளைகள், டிக்கியில் எவர்சில்வர் தூக்கும் ஜமுக்காளமும். இந்தச் சுமையோடு ஏறுவது அந்தச் சின்ன எஞ்சினுக்குப் பெரிய உழைப்பு. ஆனால் வளைவு வந்துவிட்டால் அந்தக் காருக்கு நிகர் கிடையாது. சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். பஸ்களும் அம்பாசடர்களும் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய்த் திரும்புகிற இடத்தில் பெரியப்பா ஸ்டியரிங்கை ஒடித்து ஒரே வீச்சில் மேலே போய்விடுவார். சன்னலில் கை வைத்துக்கொண்டு அண்ணன் கத்துவான். எந்த ஸ்போர்ட்ஸ் காருக்காகவும் பிறகு நான் அப்படி யாரும் கத்திக் கேட்டதில்லை.

பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே மேலும் கீழும் ஆடுகிற ஆக்ஸில் அதற்கு. வளைவின் நடுவில் சட்டென்று காலை எடுத்தால் பின் சக்கரம் உள்பக்கம் மடங்கி வண்டி வழுக்கப் பார்க்கும். அண்ணனுக்குப் பெரியப்பா வண்டி கற்றுக்கொடுத்தது இந்த மலையில்தான். “வளைவுக்குள்ள நுழைஞ்சப்புறம் ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுக்காதடா. கொறைக்கணும்னா முன்னாடியே கொறைச்சிடு. உள்ள போய்ப் பயப்படக் கூடாது.” ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதும் அன்றைக்குச் சொன்னதுதான்.

பாதி மலையில் டெம்பரேச்சர் ஏறும். ஓரம் கட்டி, முன்பக்கத்தை அப்படியே முன்னால் சாய்த்துத் திறப்பார். ஹெரால்டில் பானெட் மட்டுமா திறக்கும்? மட்கார்டோடு, விளக்கோடு, முகம் முழுக்கத் திறந்துகொள்ளும். எஞ்சின் எந்தப் பக்கமும் மறைவில்லாமல் நிற்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு, ரேடியேட்டர் ஆறட்டும் என்று பெரியப்பா டயரில் உட்காருவார். நாங்கள் சுற்றி நிற்போம். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இது எந்த ஷாப்பில், எந்தத் தெருக்காரர் கையில் வந்தது என்று சொல்லுவார். கீழே வாணியம்பாடிச் சமவெளி, மேலே மேகம் இறங்கி வருகிற அத்தனாவூர். நடுவழியில், எங்கள் தெரு முழுவதையும் அந்த எஞ்சினுக்குள் பார்த்துக்கொண்டு நிற்போம்.

மேலே புங்கனூர் ஏரிக்கரையில் சாப்பாடு, நிலாவூர் வரை ஒரு சுற்று, மலைவாசிகளிடம் தேன், சீத்தாப்பழம். 1,100 மீட்டர் உயரக் குளிரில் பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு திரிவோம். ஊட்டி, கொடைக்கானல் போய் வந்தவர்கள் இதை ஒரு மலையாகவே மதிக்க மாட்டார்கள். எங்களுக்கு அது போதும்.

ஸ்டாண்டர்ட் கம்பெனி கடைசியாகச் செய்த பெரிய முயற்சி ஸ்டாண்டர்ட் 2000. இங்கிலாந்தின் ரோவர் உடலுக்குள் பழைய வேன்கார்டு வம்சத்து எஞ்சின். 1985இல் வந்தது. விலை அதிகம், விற்கவில்லை. ஏற்கெனவே மாருதி வந்து மக்கள் மனதை மாற்றியிருந்தது. 1988இல் கதவு சாத்தப்பட்டது. கம்பெனிச் சங்கு ஊதாத காலையில் பெருங்களத்தூரில் எத்தனை வீடுகளில் அடுப்பு தாமதமாக எரிந்தது என்பது அந்த வீடுகளுக்குத்தான் தெரியும். பெரியப்பா அதன் பிறகு வேறு எங்கேயும் கதவு பூட்டவில்லை. சில வருஷம் கழித்துக் காரையும் கொடுத்துவிட்டார். இன்று அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும் இருக்கின்றன.

கார் தொழில் சென்னையை விட்டுப் போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ. மறைமலைநகரில் இருந்த ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியது உண்மைதான். ஆனாலும் நாங்கள் டீ குடித்த அதே கூட்டுரோட்டைச் சுற்றி, எங்கள் ஊர் அன்று செய்ததைவிட எத்தனையோ மடங்கு கார்கள் உருவாகின்றன. அதில் எனக்கு மகிழ்ச்சிதான், எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சோறு போடுகிறது. போன வருஷம் அண்ணன் மகன் அவனுடைய புதுக் காரில் என்னை ஏலகிரிக்கு அழைத்துப் போனான். டர்போ எஞ்சின், ஸ்போர்ட் மோட் என்று ஒரு பட்டன். வளைவுகள் வந்ததே தெரியாமல் ஏறிவிட்டோம். நன்றாக ஓட்டினான், அருமையான கார். மேலே போய் நின்றதும், இதை யார் செய்தார்கள் என்று கேட்டேன். கம்பெனிப் பெயரைச் சொன்னான். நான் கேட்டது ஆளை. அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அவன்மேல் தப்பில்லை. பானெட்டைத் திறந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது, கைநீட்டித் தொட்டுக்காட்ட அதில் ஒரு தெருவும் இல்லை.

ஹெரால்டைப் போற்றி வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய கார் ஊர்வலங்களில் பளபளவென்று துடைத்து நிறுத்துகிறார்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஒரே ஒரு வேண்டுகோள். கண்காட்சியோடு நிறுத்தாதீர்கள், இந்த ஐப்பசியில் அதை ஏலகிரிக்கு ஓட்டிக்கொண்டு போங்கள். பெருங்களத்தூரிலிருந்தே கிளம்புங்கள், அங்கேதான் அது பிறந்தது. ஐந்து மணிக்கு முன்னால் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் வாணியம்பாடி. அங்கே ரேடியேட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு, இரண்டு கேன் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பொன்னேரி தாண்டியதும் இரண்டாவது கியர், பாதி மலையில் கட்டாயம் ஓரம் கட்டி ஆறவிடுங்கள். பின்னால் பிள்ளைகள் இருந்தால் அப்போது பானெட்டைத் திறந்து காட்டுங்கள். மழை பெய்திருந்தால் வளைவுக்குள் காலை எடுக்காதீர்கள்.