மூன்று நாள் தீர்ப்பு

வருவதை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் வேட்கை மனிதனோடு பிறந்தது. உழவன் வானத்தை நோக்கினான். மாலுமி விண்மீனை நோக்கினான். பெற்றோர் சாதகக் கட்டைப் பிரித்தனர். அறிவியல் வளர்ந்த பின்னரும் அவ்வேட்கை தணியவில்லை. அதன் கருவிகளே மாறின. அவ்வரிசையில் அண்மைக் காலத்தில் இடம்பெற்றிருப்பது, வெளிவரவிருக்கும் திரைப்படம் முதல் வார இறுதியில் எவ்வளவு வசூலிக்கும் என்று கணித்துரைக்கும் வழக்கமாகும்.

பெரிய நடிகர் ஒருவரின் படம் வெளியாகும் வாரத்தில் ஈப்போ நகரில் இதனைக் கண்கூடாகக் காணலாம். புந்தோங் வட்டாரத்து உணவுக்கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் பேச்சு ஒன்றே. கதை யாது, இயக்கியவர் யார், பாட்டு எவ்வாறு என்னும் வினாக்கள் பின்னுக்குப் போய்விட்டன. “முதல் நாள் வசூல் எவ்வளவு?” என்பதே முதல் வினா. பட முதலாளிக்கும் வட்டிக்கடைக்காரருக்கும் உரியதாக இருந்த கவலை, பள்ளி மாணவனின் பொழுதுபோக்காக மாறியிருக்கிறது.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி முதுமை எய்திய பாட்டி ஒருவர், இப்பொழுது பிள்ளைகளோடு ஈப்போவில் அடுக்குமாடி வீட்டில் வாழ்ந்து வருகிறார். இடைநிலைப்பள்ளியில் பயிலும் பேரன் ஒருநாள் கைப்பேசியை நீட்டி, “பாட்டி, இந்தப் படம் மூணு நாள்ல நூறு கோடியத் தாண்டிடுமாம்!” என்றான்.

“அப்படியா ஐயா? படம் நல்லா இருக்கா?”

“இன்னும் வரலையே பாட்டி. வியாழக்கிழமைதான் வருது.”

பாட்டி சற்று எண்ணிப் பார்த்தார். “மரம் வெட்டறதுக்கு முன்னாலயே பால எடை போட்டாச்சா?” என்று கேட்டார். பேரன் சிரித்துவிட்டான்.

பாட்டியின் வினா நகைத்து ஒதுக்கத்தக்கதன்று. அவர் வளர்ந்த உலகில் திரைப்படத்தைப் பார்த்த பின்னரே மதிப்பிட்டனர். பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் சம்பளம் போட்ட வாரத்தில் திடலில் இரு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணி கட்டுவர். பாய் விரித்துப் பிள்ளைகள் முன்னால் அமர, பெரியவர்கள் பின்னால் அமர்வர். இடம் கிடைக்காதவர்கள் துணிக்கு மறுபுறம் உட்கார்ந்து, இடவலம் மாறிய உருவங்களைக் கண்டு மகிழ்வதும் உண்டு. சென்னையில் ஓடி முடிந்து ஆண்டுகள் பல கழிந்த படமும் அங்குப் புதுப்படமே. வார இறுதி வசூல் என்னும் பேச்சுக்கே இடமில்லை. மறுநாள் விடியலில் பெரட்டுக்கு நிற்கும்பொழுது தொடங்கும் திறனாய்வு, அடுத்த படம் வரும்வரையில் நிரைக்கு நிரை தொடரும். கதாநாயகன் செய்தது முறையா, தாய் அழுதது பொருந்துமா என்று விளக்கு வெளிச்சத்தில் வாதிட்ட அம்மக்களுக்கு, அப்படம் எத்தனை இலட்சம் ஈட்டியது என்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் அது அவர்தம் தீர்ப்பை மாற்றியிராது.

நகரத்திலும் அந்நாளில் படங்கள் நிதானமாகவே ஓடின. கத்தே, ரூபி, லீடோ முதலிய தனித்திரை அரங்குகள் விளங்கிய ஈப்போவில், கச்சான் பூத்தே பொட்டலத்தோடு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே படத்துக்குச் சென்றோர் பலர். தமிழகத்தில் 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த தியாகராச பாகவதரின் ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. மூன்று தீபாவளிகளில் முடிவான வெற்றி, இன்று மூன்று நாள்களில் முடிவாகிறது.

இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு சூன் மாதம் ‘ஜாஸ்’ என்னும் படம், தொலைக்காட்சியில் பெரும் விளம்பரம் செய்யப்பட்டு, நானூற்றுக்கும் மேற்பட்ட அரங்குகளில் ஒரே நாளில் வெளியிடப்பட்டது. அதற்கு முன்னர்ப் பெரும்பாலான படங்கள் சில நகரங்களில் தொடங்கி, மக்கள் வாய்மொழியால் மெல்லப் பரவும். ‘ஜாஸ்’ படத்தின் வெற்றி, முதல் வார இறுதியே முதன்மையானது என்னும் எண்ணத்தை நிலைநாட்டியது. 1978இல் தொடங்கப்பெற்ற நேஷனல் ரிசர்ச் குரூப் என்னும் நிறுவனம், ‘இப்படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டீரா? பார்க்க விருப்பமா? முதலில் பார்க்க விரும்புவது இதுதானா?’ என மக்களிடம் வினவித் தொடக்க வசூலைக் கணிக்கும் முறையை வளர்த்தது. 2010ஆம் ஆண்டில் எச்.பி. ஆய்வகத்தைச் சேர்ந்த அசூர், ஹூபர்மன் ஆகிய இருவர், 24 படங்களைப் பற்றி டுவிட்டரில் எழுதப்பட்ட ஏறத்தாழ 29 இலட்சம் குறிப்புகளை ஆராய்ந்து, மக்கள் பேச்சின் அளவைக் கொண்டே முதல் வார இறுதி வசூலை நன்கு கணிக்கலாம் என்று காட்டினர்.

தமிழ்ப்பட உலகில் முன்கணிப்பு நெடுங்காலமாக விநியோகஸ்தரின் தொழிலாகவே இருந்தது. கோவை, சேலம், மதுரை இராமநாதபுரம், திருச்சி தஞ்சை எனத் தமிழகத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, படம் முடியுமுன்னரே விலை பேசுவர். கடல்கடந்த உரிமைக்கு ‘எஃப்.எம்.எஸ்.’ என்று பெயர். வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர் என்பதன் சுருக்கம் அது. கணக்கேட்டில் மலேசியத் தமிழருக்கு ஓர் எழுத்து ஒதுக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது. படச்சுருள் இருந்த காலத்தில் பிரதிகள் சிலவே. அவை ஊர் ஊராகச் சுற்றின. எண்மத் தொழில்நுட்பம் வந்தபின், ஒரே படம் சென்னையிலும் ஈப்போவிலும் ஒரே நாளில், நூற்றுக்கணக்கான திரைகளில் காட்டப்படுகிறது. கூட்டம் முழுவதும் முதல் மூன்று நான்கு நாள்களிலேயே வந்து தீர்ந்துவிடுகிறது.

கணிக்கும் முறை கடினமானதன்று. ஆறாம் ஆண்டு மாணவனும் செய்யலாம். எடுத்துக்காட்டாக, 200 இருக்கைகள் கொண்ட ஒரு திரையில் நாள்தோறும் 5 காட்சிகள் என்று கொள்வோர், மூன்று நாளில் 3,000 இருக்கைகளைப் பெறுவர். நுழைவுச்சீட்டு 15 வெள்ளி எனில், நிரம்பி வழிந்தாலும் வசூல் 45,000 வெள்ளிக்கு மேற்படாது. நூற்றுக்கு அறுபது இருக்கைகள் நிரம்பினால் 27,000 வெள்ளி. இதனைத் திரைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, முன்பதிவு, பண்டிகை, பள்ளி விடுமுறை, எதிரே நிற்கும் போட்டிப்படம், அதே நடிகரின் முந்திய படத்தின் தொடக்கம் ஆகியவற்றுக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் விடை காண்பர். வரியும் அரங்கின் பங்கும் போக எஞ்சுவதே வெளியீட்டாளர் கைக்குச் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தமிழகத்தில் சொல்லப்படும் தொகைகள் பலவும் தணிக்கை செய்யப்பெற்ற கணக்குகள் அல்ல என்பதையும் மறந்துவிடுகின்றனர். தென்கொரியாவிலும் பிரான்சிலும், படம் பார்த்த மக்களின் எண்ணிக்கையே முதன்மையாக வெளியிடப்படுகிறது. பணத்தை எண்ணுவதிலும் மனிதரை எண்ணுவது ஒருவாறு மேலானது அன்றோ?

இம்முறை மெய்யாகவே பலிக்கிறதா? தொடக்கத்தைப் பொறுத்தவரையில் பெரும்பாலும் பலிக்கிறது. ஏனெனில், முன்னரே முடிவு செய்துவிட்டவர்களைத்தான் அது எண்ணுகிறது. படம் பார்த்து வெளியே வருபவன் என்ன சொல்வான் என்பதை அதனால் எண்ண இயலாது. ரசினிகாந்தின் ‘பாபா’ 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பேரெதிர்பார்ப்புக்கிடையே வெளிவந்தது. எதிர்பார்ப்புப் பொய்த்து, நட்டமடைந்தவர்களுக்கு நடிகரே பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது. அதே நடிகரின் ‘சந்திரமுகி’ 2005ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டன்று வெளிவந்து, சென்னை சாந்தி அரங்கில் 800 நாள்களுக்கும் மேல் ஓடியது. நடிகர் ஒருவரே, விளைவுகள் இரண்டு. மறுபுறம், பாலாவின் ‘சேது’ வாங்குவாரின்றி நெடுநாள் முடங்கி, 1999ஆம் ஆண்டு இறுதியில் சிறிய அளவிலேயே வெளியாயிற்று. கண்டவர் காணாதவரிடம் சொல்லச் சொல்ல, அது பெருவெற்றி கண்டது. அன்றைய கணிப்பாளர் எவரும் அதற்கு ஒரு விலையும் இட்டிலர்.

பொருளியல் அறிஞரும் இதனையே கூறுகின்றனர். 1999இல் டி வேனி, வால்ஸ் என்னும் இருவர், ஈராயிரத்துக்கும் மேற்பட்ட படங்களின் வசூலை ஆராய்ந்தனர். புகழ்பெற்ற நடிகரால் வாய்ப்புக் கூடலாமே ஒழிய வெற்றி உறுதியாகாது என்று அவர்கள் முடிவு கண்டனர். 2011இல் மொரேட்டி என்பவர் மற்றோர் உண்மையை வெளியிட்டார். எதிர்பார்த்ததற்கு மேலாகத் தொடங்கிய படம் மெதுவாகச் சரிகிறது. எதிர்பார்த்ததற்குக் கீழாகத் தொடங்கிய படம் விரைந்து சரிகிறது. மனிதன் மனிதனிடம் சொல்லும் சொல்லே அதற்குக் காரணம்.

பால்மரம் வெட்டியவர்கள் இதனை எளிதில் உணர்வர். கத்தியைச் சற்று ஆழமாக இறக்கினால் அன்றைய பால் மிகும். ஆனால் மரம் புண்படும். பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னர் வெட்டுவதற்கே இடமிராது. எத்திஃபோன் போன்ற ஊக்கிகளைத் தடவினாலும் பால் பெருகும். அளவு மீறினால் மரம் வறண்டுபோகும். விளம்பரத்தால் ஒரே வாரத்தில் கறக்கப்படும் வசூலும் அத்தகையதே. வாளி நிறைந்தது என்று மகிழ்வோர் பட்டையைப் பார்ப்பதில்லை. நல்ல தொழிலாளியோ பட்டையைப் பார்த்தே வெட்டுவார்.

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சாக மட்டும் இருந்திருப்பின், ஆசிரியர் உலகம் கவலைகொள்ள வேண்டியதில்லை. ஆனால் இதில் மலேசியத் தமிழரின் கதையே அடங்கியிருக்கிறது. முன்கணிப்பு நடக்கவிருப்பதைச் சொல்வதோடு நின்றுவிடுவதில்லை. நடக்க வேண்டியதைத் தானே உருவாக்கியும் விடுகிறது. பெருந்தொகை கணிக்கப்பட்ட படத்துக்கு அரங்கினர் மிகுதியான திரைகளை ஒதுக்குவர். சிறிய படத்துக்கு எவரும் வர இயலாத நேரத்தில் ஒரு காட்சி கிடைக்கும். வார இறுதியில் இருக்கைகள் வெறிச்சோடினால் அடுத்து அதுவும் பறிபோகும். பின்னர், ‘முன்னரே சொன்னோமே’ என்று கணித்தவர் தலைநிமிர்வர்.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ இதற்குத் தக்க சான்று. தோட்டத்திலிருந்து பெயர்ந்து நகர்ப்புறத்தை அடைந்த ஒரு குடும்பம். அதில் அப்போய் என்னும் சிறுவன். 1990ஆம் ஆண்டுகளின் வறுமையும் குண்டர் கும்பல்களின் ஈர்ப்பும் அவன் பள்ளி வாழ்வைச் சூழும் கதை அது. இரப்பர் அழிந்து செம்பனை வந்தபொழுதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபொழுதும் பேராக்கில் எத்தனையோ இல்லங்களில் நிகழ்ந்ததை அப்படம் காட்டியது. அது திரைக்கு வந்த நாள் 2015 டிசம்பர் 17. அதே நாளில்தான் உலகம் முழுவதும் எதிர்பார்த்திருந்த ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் புதிய படமும் மலேசியாவில் வெளியாயிற்று. எந்தக் கணிதமும் ‘ஜகாட்’ படத்துக்கு ஆதரவாக நிற்கவில்லை. ஆயினும் பார்த்தவர்கள் பேசினார்கள்; எழுதினார்கள்; பிறரை அழைத்துச் சென்றார்கள். 2016இல் மொழிவாரிப் பிரிவுகளைப் பற்றிய கடும் விவாதத்துக்குப் பின்னர், 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதை அது பெற்றது. மூன்று நாள் தீர்ப்பைக் காலம் திருத்தி எழுதியது.

எல்லாப் படங்களுக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. உள்நாட்டுப் படங்களுக்குக் குறிப்பிட்ட நாள்கள் திரை கிடைக்குமாறு 2005இல் கட்டாயத் திரையிடல் திட்டம் கொண்டுவரப்பட்டது. சட்டத்தால் திரையைத் தர முடியும். இருக்கையில் ஆளை அமர்த்த முடியாது. ‘நம்மவர் எடுத்த படம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று அன்போடு சொல்வோர் பலர். அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் படம் அரங்கை விட்டுப் போய்விடுகிறது. பகையால் மாண்ட படங்களைக் காட்டிலும் இந்தப் ‘பிறகு’ என்னும் சொல்லால் மாண்டவையே மிகுதி எனலாம்.

ஆகவே, தமிழாசிரியர்கள் இவ்வழக்கத்தை வெறுத்து ஒதுக்காமல் கற்பித்தலுக்கு ஆளுதல் நன்று. மாணவர் ஒரு படத்தின் வசூலை முன்னரே கணித்து எழுதட்டும்; பெருக்கலும் விழுக்காடும் பழகட்டும். அதே தாளில், படம் பார்த்த பின்னர் நெஞ்சில் நின்ற ஒரு காட்சியையும் அது நின்றதற்கான காரணத்தையும் எழுதட்டும். ஒரு திங்கள் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால், தொகை மறந்துபோய்க் காட்சி நினைவில் நிற்பதை அவர்களே காண்பர். குணமும் குற்றமும் இரண்டையும் ஆராய்ந்து மிகுதியானதைக் கொண்டு தெளியுமாறு வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் அறிவுறுத்தினார். அவ்வாராய்ச்சிக்கு முதற்படி, கண்ணால் காண்பது.

மற்றோர் உண்மையையும் மாணவர் உணர்தல் வேண்டும். கணிப்பாளரின் ஏட்டில் அவர்கள் வெறும் எண்களாகவே பதிவாகின்றனர். ஆனால் அவ்வேட்டை நிரப்புவோரும் அவர்களே. உள்நாட்டுத் தமிழ்ப்படம் ஒன்று வெளியாகும் முதல் வார இறுதியிலேயே பெற்றோருடன் சென்று அமரும் ஒரு மாணவன், எவரும் எதிர்பாராத ஓர் இருக்கையை நிரப்புகிறான். படம் நன்றாயின் நன்றென்றும் குறையுடையதாயின் குறையென்றும் திங்கட்கிழமை பள்ளியில் அஞ்சாது உரைக்கிறான். அந்த ஓர் இருக்கையும் அந்த ஒரு சொல்லும் எந்தக் கணிப்பிலும் முன்னரே இடம்பெறுவதில்லை.