பேய்கள் குடியிருக்கும் தெரு!

ஜப்பானின் டொட்டோரி மாநிலத்தில் யொனாகோ என்றொரு ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு பிளாட்பாரத்துக்கு எண் பூஜ்யம். ஜப்பானிய மொழியில் பூஜ்யத்துக்கு 'ரெய்' என்று ஒரு பெயர் உண்டு. 'ஆவி' என்பதற்கும் அதே உச்சரிப்புதான். ஆகவே ஊர்க்காரர்கள் அந்தப் பிளாட்பாரத்தை 'ஆவி பிளாட்பாரம்' ஆக்கிவிட்டார்கள்.

அங்கே வந்து நிற்கும் சின்ன ரயிலைப் பார்த்தாலே குழந்தைகள் துள்ளுவார்கள். பெட்டியின் வெளியே, உள்ளே, கூரையில் என எங்கும் பேய்ப் படங்கள். அடுத்து வருகிற நிலையத்தை அறிவிப்பதுகூட கார்ட்டூன் பாத்திரங்களின் குரல்தான். சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில் 16 நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேயின் பட்டப்பெயர். யொனாகோவுக்கு 'எலி மனிதன் நிலையம்'. கடைசி நிலையமான சகாய்மினாடோவுக்கு 'கிதாரோ நிலையம்'.

முக்கால் மணி நேரத்தில் ரயில் சகாய்மினாடோவில் போய் நிற்கிறது. வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு வெண்கலச் சிலை. கண்ணாடி அணிந்த ஒரு மனிதர் மேசை முன் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறார். அவர் படைத்த பாத்திரங்களே பக்கத்தில் நின்று அவர் வரைவதை வேடிக்கை பார்க்கின்றன.

அந்த மனிதர் மிசுகி ஷிகேரு. இந்த ஊரில் வளர்ந்த பிள்ளை. ஜப்பானில் மூன்று தலைமுறைகளுக்குத் தெரிந்த காமிக்ஸ் ஓவியர்.

பாட்டி சொன்ன பேய்கள்

மிசுகி பிறந்தது 1922-ல், ஒசாகாவில். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் சகாய்மினாடோவுக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் ஜப்பான் கடல், மறுபக்கம் பெரிய உப்பங்கழி. நடுவே நீளமான மணல் திட்டு. அதன் நுனியில் இருக்கும் மீன்பிடித் துறைமுகம் இது. சிறுவனுக்குத் தன் பெயரான 'ஷிகேரு'வைச் சொல்ல வராது. 'கெகெரு' என்பான். அதனால் 'கெகே' என்றே கூப்பிட்டார்கள்.

அந்தச் சிறுவனுக்கு ஒரு பாட்டி வாய்த்தாள். சொந்தப் பாட்டி அல்ல. அக்கம் பக்கத்தில் கோயில், பூஜை, வேண்டுதல் என்று வாழ்ந்த ஓர் ஏழைக் கிழவி. எல்லோருக்கும் அவள் 'நோன்னோன்பா'. கூரையில் ஈரக் கறை தெரிந்தால், "ராத்திரி கூரையை நக்கும் பேய் வந்துட்டுப் போயிருக்கு" என்பாள். இருட்டில் நடக்கும்போது பின்னால் யாரோ வருவதுபோல் காலடிச் சத்தம் கேட்டால், ஒதுங்கி நின்று "நீங்க முன்னால போங்க" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். சத்தம் போய்விடும். குளியல் தொட்டியைத் தேய்த்துக் கழுவாவிட்டால் அழுக்கை நக்க ஒரு பேய் வரும்.

புளியமரத்து முனியைச் சொல்லி மிரட்டும் நம் ஊர்ப் பாட்டிகளுக்கும் இவளுக்கும் அதிக தூரமில்லை. ஆனால் நோன்னோன்பாவின் பேய்களில் பெரும்பாலானவை ஆளை அடிப்பதில்லை. அவை பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. கொஞ்சம் தொந்தரவு, கொஞ்சம் வேடிக்கை. சரியாகப் பேசினால் போய்விடும்.

ஊரில் ஷோஃபுகுஜி என்ற புத்தர் கோயில் இருக்கிறது. அங்கே சொர்க்கம், நரகத்தைக் காட்டும் பழைய ஓவியங்கள் உண்டு. கிழவி சிறுவனை அழைத்துப்போய் அவற்றைக் காட்டினாள். அவன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

போரில் போன கை

1943-ல் மிசுகிக்குப் பட்டாளத்திலிருந்து அழைப்பு வந்தது. இன்றைய பப்புவா நியூகினியில் உள்ள ரபவுலுக்கு அனுப்பப்பட்டார். ஒருநாள் அவருடைய சிறு காவல் படை தாக்கப்பட்டது. உடனிருந்தவர்கள் மாண்டார்கள். மிசுகி மட்டும் காடு, கடல் என்று ஓடித் தப்பித்து முகாமுக்குத் திரும்பினார். 'எல்லோரும் செத்தபோது நீ மட்டும் ஏன் உயிரோடு வந்தாய்?' என்பதுதான் மேலதிகாரியின் வரவேற்பாக இருந்தது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பிறகு மலேரியா. படுத்துக் கிடந்தபோது விழுந்த குண்டில் இடது கை சிதைந்தது. மயக்க மருந்து இல்லாமலே கையை வெட்டி எடுத்தார்கள்.

அவரைத் தேற்றியவர்கள் அந்தத் தீவின் டோலாய் மக்கள். பழமும் கிழங்கும் கொடுத்து உட்காரவைத்துப் பேசினார்கள். போர் முடிந்ததும், 'இங்கேயே இருந்துவிடு. நிலம் தருகிறோம், வீடு கட்டித் தருகிறோம்' என்றார்கள். மிசுகிக்கும் அந்த ஆசை இருந்தது. 'முதலில் ஊருக்குப் போய்ப் பெற்றோரைப் பார்' என்று ராணுவ மருத்துவர் ஒருவர் சொன்னதால் 1946-ல் கப்பல் ஏறினார். பல வருடங்கள் கழித்து அந்த நண்பர்களைத் தேடிப் போனார். இன்று ரபவுலில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

சகாய்மினாடோ தெருவில் நுரிகாபே என்றொரு பேய் நிற்கிறது. கையும் காலும் முளைத்த ஒரு சுவர். இருட்டில் நடப்பவரின் வழியை மறிப்பது அதன் வேலை. குழந்தைகள் அதன்மீது சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். போரின்போது இரவில் காட்டுக்குள் தனியாக நடந்தபோது கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரில் முட்டி நின்றதாகவும், அது நுரிகாபேதான் என்றும் மிசுகி எழுதியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவர்கள் அந்தச் சிலையின் முன் சற்று அதிக நேரம் நிற்பார்கள்.

ஒற்றைக் கையில் ஒரு வாழ்க்கை

ஊர் திரும்பியவருக்குப் பிழைப்பு எளிதாக அமையவில்லை. மீன் விற்றார். கோபே நகரில் 'மிசுகி-சோ' என்ற வாடகைக் குடியிருப்பை நடத்தினார். புனைபெயர் வந்தது அங்கிருந்துதான். அவருடைய இயற்பெயர் முரா ஷிகேரு.

முதலில் தெருவோரப் படக் கதைகளுக்கு வரைந்தார். சைக்கிளில் வந்து அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்லி, குழந்தைகளுக்கு மிட்டாய் விற்பார்களே, அந்தத் தொழில். டி.வி. வந்ததும் அது படுத்தது. அடுத்து, வாடகை நூல் நிலையங்களுக்கான காமிக்ஸ் வரைந்தார். அதில் கிடைத்த கூலி வயிற்றுக்கே போதவில்லை.

1961-ல் திருமணம். பெண் பார்த்த 5-வது நாளே கல்யாணம்! மனைவி நுனோஎ பக்கத்து மாநிலத்துப் பெண். அடகுக் கடைச் சீட்டுகளோடுதான் குடித்தனம் தொடங்கியது. கணவர் ஒற்றைக் கையால் வரைவதைப் பார்த்தவர், தானும் உட்கார்ந்து மை தீட்ட உதவினார். பிற்காலத்தில் அவர் எழுதிய நினைவுக் குறிப்பை வைத்துத்தான் 2010-ல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. காலைத் தொடர் ஒன்றை எடுத்தது. நாடே பார்த்தது.

மிசுகியின் நாயகன் கிதாரோ, கல்லறையில் பிறந்த பேய்ச் சிறுவன். இடது கண் இல்லை, முடியால் மறைத்திருப்பான். கோடு போட்ட மேல்சட்டை, காலில் மரச் செருப்பு. அவன் அப்பா, சின்ன உடம்பின்மேல் ஒரே ஒரு கண் விழியாக, மகனின் தலையில் உட்கார்ந்து புத்தி சொல்வார். கூடவே எலி மனிதன். குளித்து முந்நூறு வருடங்களுக்கு மேல் ஆனவன், காசுக்கு எதையும் செய்பவன்.

கல்லறைச் சிறுவனின் கதை போருக்கு முன்பே தெருவோரப் படக் கதையாக இருந்தது. மிசுகி அதை எடுத்துத் தன் உலகத்தில் புதிதாக வார்த்தார். கண் விழி அப்பாவும் எலி மனிதனும் அவர் கற்பனை. மற்ற பேய்களில் பெரும்பாலானவை கிராமத்துக் கதைகளில் பெயராக மட்டும் உலவியவை. அவற்றுக்கு முகமும் உடம்பும் கொடுத்தது இவருடைய பேனா.

1965-ல் பெரிய வார இதழ் ஒன்றில் கிதாரோ வெளிவந்தான். 1968-ல் டி.வி.க்குப் போனான். தலைப்பில் 'கல்லறை' வேண்டாம் என்று, ஓவியரின் சின்ன வயதுப் பெயரை நினைவூட்டும் 'கெகெகெ'வைச் சேர்த்து 'கெகெகெ நோ கிதாரோ' ஆக்கினார்கள். அப்போது மிசுகிக்கு வயது 45.

புகழ் வந்த பிறகும் அவர் செத்துப்போன சிப்பாய்களை மறக்கவில்லை. அவர்களைப் பற்றி 1973-ல் ஒரு காமிக்ஸ் நூல் எழுதினார். அதில் 90 சதவீதம் உண்மை என்று பின்னுரையில் குறிப்பிட்டார். நோன்னோன்பாவைப் பற்றிய அவரது நூலுக்கு, 2007-ல் பிரான்ஸின் அங்குலேம் காமிக்ஸ் விழாவில் முதல் பரிசு கிடைத்தது. படிப்பறியாப் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன அந்தக் கிழவிக்கும் சகாய்மினாடோ தெருவில் சிலை இருக்கிறது.

பேய் வந்தது, கூட்டம் வந்தது

1980-களில் இந்த ஊர்க் கடைத்தெரு களையிழந்திருந்தது. வாங்க ஆளில்லை. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஊர்ப் பிள்ளையின் பாத்திரங்களைச் சிலைகளாக நிறுத்தலாம் என்று நகராட்சித் தரப்பிலிருந்து யோசனை வந்தபோது, கடைக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். கடை வாசலில் பேய் நின்றால் யார் உள்ளே வருவார்கள்?

1993-ல் 23 சிலைகளுடன் 'மிசுகி ஷிகேரு சாலை' திறக்கப்பட்டது. ஆரம்பத்தில் சில சிலைகள் களவுபோயின. அந்தச் செய்தி நாடு முழுக்கப் பரவி, திருடர்களே ஊருக்கு இலவச விளம்பரம் செய்துவிட்டார்கள்! பின்னர் பொதுமக்களும் பணம் போட, சிலைகள் பெருகின. 2018-ல் எண்ணிக்கை 177. டி.வி. தொடர் வந்த 2010-ல் மட்டும் இங்கே வந்தவர்கள் 37 லட்சத்துக்கும் மேல். ஊரின் மக்கள்தொகையோ 40 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை.

நிலையத்திலிருந்து நினைவு அருங்காட்சியகம் வரை தெருவின் நீளம் சுமார் 800 மீட்டர். வேகமாக நடந்தால் 10 நிமிடம்தான். ஆனால் யாரும் வேகமாக நடப்பதில்லை. சிலைகள் பெரும்பாலும் சிறியவை. கல் பீடத்தின்மேல் ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் நிற்பவை. குனிந்தும் உட்கார்ந்தும்தான் பார்க்க வேண்டும். காட்டில் வாழும் பேய்கள், வீட்டில் வாழும் பேய்கள், தெய்வத்தன்மை கொண்டவை எனப் பகுதி பிரித்து வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் தொட்டுத் தொட்டுச் சில தலைகள் பளபளக்கின்றன.

தெருவிளக்கு கண் விழி வடிவில். டாக்ஸியின் கூரை விளக்கும் கண் விழி. பலகாரக் கடையில் குச்சியில் செருகிய கண் விழி இனிப்பு. நடுவே பேய்களுக்கென்றே ஒரு சிறு கோயில். அங்கே கல்லால் ஆன ஒரு கண் விழி தண்ணீரில் உருண்டுகொண்டே இருக்கிறது. முகம் சுளித்த அந்தத் தெருவில், இன்று பேய் இல்லாத கடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

2020-ல் வந்த மூன்று கால் உருவம்

2015 நவம்பர் 30-ம் தேதி, 93 வயதில் மிசுகி காலமானார். அவருடைய பேய்கள் அடங்கிவிடவில்லை.

கொரோனா உலகத்தை முடக்கிய 2020 மார்ச்சில், ஜப்பானிய ஓவியர்கள் இணையத்தில் ஒரு பழைய உருவத்தை வரையத் தொடங்கினார்கள். பெயர் அமாபிஎ. நீண்ட கூந்தல், பறவை அலகு, செதில் உடம்பு, மூன்று கால்கள். 1846-ல் அச்சான ஒரு செய்தித்தாளில், அது கடலிலிருந்து எழுந்து, 'நோய் பரவினால் என் உருவத்தை வரைந்து மக்களுக்குக் காட்டுங்கள்' என்று சொன்னதாக இருந்தது. மிசுகி எப்போதோ வரைந்துவைத்திருந்த அமாபிஎ படத்தை அவருடைய நிறுவனம் வெளியிட்டது. நோய் நீங்கட்டும் என்ற வேண்டுதலோடு வந்த அந்தப் படம் வேகமாகப் பரவியது.

தேர்ந்த ஓவியர்கள், பள்ளிப் பிள்ளைகள், கிரேயான் பிடித்த அம்மாக்கள் என ஆளாளுக்குத் தங்கள் அமாபிஎயை வரைந்தார்கள். ஒருவருடையது குண்டு, இன்னொருவருடையது ஒல்லி. களிமண்ணில், எம்ப்ராய்டரியில், கேக்கின் மேல்கூட வந்தது. கடைசியில் ஜப்பான் சுகாதார அமைச்சகமே தன் விழிப்புணர்வுப் படத்தில் அதைச் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்குள் அடைபட்ட நாட்களில், ஒருவர் படத்தை ஒருவர் பாராட்டிக்கொள்ள அது ஒரு சாக்கு. கூரைக் கறையைக் காட்டி நோன்னோன்பா சொன்ன கதையும் அப்படித்தான், பயத்துக்கு ஒரு முகம் வரைந்து அதனுடன் பேசிப் பழகச் சொன்னது.

போகிறவர்களுக்கு

ஒகயாமா நகரிலிருந்து யொனாகோவுக்கு 'யாகுமோ' விரைவு ரயில் இருக்கிறது, இரண்டே கால் மணி நேரம் ஆகும். விமானத்தில் வந்தால் இறங்குவது 'யொனாகோ கிதாரோ விமான நிலைய'த்தில்! 2003-ல் மிசுகியின் பிறந்தநாளான மார்ச் 8-ல் திறந்த அருங்காட்சியகம், 2024-ல் புதிய கட்டடத்துக்கு மாறியிருக்கிறது. குளிர்காலத்தில் போனால் நண்டு சாப்பிடலாம். சிவப்பு நண்டு அதிகம் கரைக்கு வரும் துறைமுகங்களில் இது முன்வரிசை.

பகலில் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை என இரண்டு தடவை நடப்பது நல்லது. இரவில் கூட்டம் குறைந்துவிடும். விளக்குகளிலிருந்து பேய்களின் நிழல்கள் நடைபாதையில் விழும். காலடியில் வந்து விழும் நிழலை மிதிக்காமல் குழந்தைகள் தாண்டித் தாண்டிப் போவார்கள். சிலர் ஒதுங்கி நின்று, அதற்கு வழிவிடுவார்கள்.

தெரு முடிகிற இடத்தில், ரயில் நிலைய வாசலில், அந்த மனிதர் இன்னும் வரைந்துகொண்டிருப்பார்.