முத்துப்பாரும் முதலீடும்

மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில் தூத்துக்குடியும், கிழக்குக் கரையில் இலங்கையின் மறிச்சுக்கட்டியும் முத்துக்குளிப்பினால் பெயர் பெற்றவை. கடலடியில் சிப்பிகள் செறிந்து வாழும் பாறைத் திட்டினைப் 'பார்' என்பர். பாரில் ஆண்டுதோறும் சிப்பி விளைவதில்லை. மிதந்து திரியும் இளஞ்சிப்பிகளை நீரோட்டம் வேறிடத்திற்குக் கொண்டு போய்விடும்; பருவக்காற்றில் புரளும் மணல் அவற்றை மூடிவிடும்; எஞ்சியவற்றைத் திருக்கை மீன்கள் கூட்டமாக வந்து தின்றுவிடும். இலங்கைப் பார்களில் 1891-க்குப் பின்னர் 1903 வரை முத்துக்குளிப்பே இல்லை.

அத்தகைய பார்கள் 1905-ஆம் ஆண்டில் வாரி வழங்கின. எடுக்கப்பெற்ற சிப்பிகள் 8 கோடிக்கு மேல்; அரசாங்கத்தின் வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். இச்செய்தி இலண்டனை எட்டியது. மறு ஆண்டே 'சிலோன் கம்பெனி ஆஃப் பெர்ல் ஃபிஷர்ஸ்' என்னும் நிறுவனம் தோன்றி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 25 இலட்சம் தந்த பாரை 3 இலட்சத்துக்கு விடுவானேன் என்று பங்கு வாங்கியோர் ஒருகணம் எண்ணியிருக்கலாம். 1906-இலும் 1907-இலும் சிப்பி கிடைத்தது. பின்னர்ப் பார்கள் வெறுமையாயின. கடல் தராவிடினும் குத்தகை தந்தாக வேண்டுமே! 1912-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. அடுத்த முத்துக்குளிப்பு நடைபெற்றதோ 1925-இல்தான்.

இன்று பரஸ்பர நிதிகளில் பணம் இடுவோரிடமும் இதே போக்கைக் காணலாம். ஒரு நிதியின் அலகு 10 ரூபாயாக இருக்கும்போது அதை நாடுவோர் சிலரே. ஓராண்டில் அது 15 ரூபாயாக உயர்ந்ததும், பட்டியலின் தலைப்பில் அதன் பெயரைக் கண்டு பலர் திரண்டு வருகின்றனர். அடுத்த ஆண்டு அது 12 ரூபாயாக இறங்குகிறது. வந்தவர்கள் அஞ்சி விற்றுவிடுகின்றனர். ஈராண்டில் நிதி நூற்றுக்கு 20 வளர்ந்தது என்று ஏடு கூறும். அது பொய்யன்று. ஆயினும் 15 ரூபாய்க்கு வாங்கியோர் அலகுக்கு 3 ரூபாய் இழந்தனர், அவர்களே பெரும்பாலோர். கடந்தகால ஈட்டம் இனியும் தொடரலாம், தொடராமலும் போகலாம் என்னும் எச்சரிக்கை இந்நிதிகளின் விளம்பரங்களில் அச்சிடப்பெறுகிறது. அதனைப் படிப்போர் சிலரே, எழுத்தும் சிறிது.

தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை ஏழாண்டுகள் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அக்கணக்கை மட்டும் கண்ட ஒருவர் எட்டாம் ஆண்டின் வரவையும் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார். 1961-க்குப் பின்னர் அங்கு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.