துப்பாக்கி இருந்திருந்தால்

பெருங்காமநல்லூர் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் தேனிப் பக்கத்து ஆண்களில் யாராவது ஒருவர், "அன்னைக்கு நம்மாளுக கையில துப்பாக்கி இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பார். 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்துத் திரண்ட பிரமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டது. இறந்த 16 பேரில் மாயக்காளும் ஒருவர். சுடுபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர் என்று ஊரில் சொல்கிறார்கள். துப்பாக்கிக் கற்பனையில் மட்டும் அவருக்கு இடமில்லை.

ஜெர்மனியைப் பற்றியும் இப்படி ஒரு கற்பனை உண்டு. 1944 ஜூலை 20 அன்று ஸ்டாஃபென்பெர்க் வைத்த வெடிகுண்டுப் பெட்டியை யாரோ மேசையின் கனத்த காலுக்கு அப்பால் நகர்த்தாமல் இருந்திருந்தால்? ஹிட்லர் செத்திருப்பான், படைகள் பெர்லினைப் பிடித்திருக்கும் என்று கதை நீளும். ஆட்சியைக் கைப்பற்றுவதற்கான உத்தரவுகளைத் தட்டச்சு செய்த மார்கரெதே ஃபான் ஓவன் அதில் வருவதில்லை. கைரேகை படியக்கூடாதென்று அவர் கையுறை போட்டுக்கொண்டு தட்டினார். (அங்கேயும் கைரேகைதான்!)

குண்டு தப்பியபின் நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஸ்டாஃபென்பெர்க்கை அன்றிரவே சுட்டுக் கொன்றார்கள். ஒருவன் குற்றத்துக்கு அவன் ரத்த உறவே பொறுப்பு என்ற நாஜி நடைமுறைப்படி, கர்ப்பிணியான அவர் மனைவி நீனாவைக் கைது செய்தார்கள். நான்கு பிள்ளைகளையும் வேறு குடும்பப்பெயர் சூட்டி ஒரு விடுதியில் அடைத்தார்கள். ஐந்தாவது குழந்தை 1945 ஜனவரியில், நீனா காவலில் இருக்கும்போதே பிறந்தது.

நமக்கு இது புதிதா? பிறப்பே குற்றம் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சாதிக்கே எழுதி வைத்திருந்தது. வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். பொழுது சாய்ந்தால் ஆண்கள் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வீட்டில் தனியாக இருந்த பெண்களின் இரவுகளைப் பற்றி எந்தப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது? துப்பாக்கியால் ஒருநாள் ஜெயித்திருந்தாலும், மறுநாள் பட்டாளம் வந்திருக்கும். அந்த இரவுகள் இன்னும் கொடுமையாகியிருக்கும். சட்டம் 1947 வரை நீடித்தது.

எனக்கு வேறொரு கற்பனை உண்டு. 1943இல் பெர்லினின் ரோசன்ஸ்ட்ராசே தெருவில், பிடித்துவைத்த யூதக் கணவர்களைக் கேட்டு ஜெர்மன் மனைவிமார் நாள்கணக்கில் நின்றார்கள். கணவர்களில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டார்கள். அப்படி உசிலம்பட்டியிலிருந்து கம்பம் வரை எல்லா ஊர்ப் பெண்களும் ஒரே ராத்திரியில் ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தால்?

ஆனால் பெர்லின் பெண்கள் அந்த ஆட்சியின் கணக்கில் அதன் சொந்த இனம், அவர்களைச் சுட அது தயங்கியது. மாயக்காள் விஷயத்தில் அந்தத் தயக்கம் இருக்கவில்லை.