தோட்டாவின் மெழுகு

தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் ஈயக் குண்டையும் கொழுப்பையும் பற்றி எழுதப் புகுவது இம்மலரைப் புரட்டும் சிலர்க்கு நகைப்பை விளைக்கக்கூடும். யாப்பில் ஓர் அசை மிகினும் குறையினும் ஓசை கெடும் என்று நாடோறும் கற்கும் எனக்கோ, அங்குலத்தின் ஆயிரத்திலொரு கூற்றை அளந்து பார்க்கும் தொழில் அத்துணை அயலானதாகத் தோன்றவில்லை. அன்றியும், 1857-ம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றி எங்கள் விடுதியில் ஒரு நாள் வாதம் எழுந்தபோது, நண்பர் ஒருவர், "ஒரு துளிக் கொழுப்புக்காகவா ஒரு சேனை எழுந்தது? இஃது அறியாமையன்றோ!" என்றார். அக்கொழுப்பு அவ்விடத்தில் இருந்ததுதான் ஏன் என்று எவரும் கேட்டிலர். அவ்வினாவே என்னை இப்பொருளில் ஈர்த்தது.

வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கோலால் கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கிகள் இருவகைப்படும். ஆங்கிலக் காலாட்படையார் நெடுங்காலம் தாங்கிய 'பிரௌன் பெஸ்' என்பது வழவழப்பான குழல் உடையது. குழலின் விட்டம் முக்கால் அங்குலம்; குண்டோ ஏறக்குறைய 0.69 அங்குலம். குண்டு தானே உருண்டு உள்ளிறங்கும். ஆகலின் விரைந்து சுடலாம். ஆனால் வெடித்தவுடன் அது குழலின் சுவர்களில் மோதி மோதி, தன் மனம்போன போக்கில் வெளிப்படும். மற்றொன்று ரைபிள். இதன் குழலுள் முறுக்காகச் சால்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அச்சால்களைப் பற்றிச் சுழன்று வந்தாலன்றிக் குறி தப்பும். பற்றவேண்டுமாயின் இறுக்கமாக இருத்தல் வேண்டும். இறுக்கமாயின் இடுவது கடினம். வேட்டைக்காரர் எண்ணெயிட்ட துணித்துண்டில் குண்டைப் பொதிந்து மெல்லத் தள்ளி இறக்குவர். மான் காத்திருக்கலாம்; பகைவன் காத்திரான்.

இவ்விடத்தில் வெடிமருந்தின் குணத்தையும் அறிதல் வேண்டும். கருமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்னும் பங்கில் அமைந்தது. இஃது எரியும்போது எடையில் பாதிக்குச் சற்றே மேற்பட்ட பகுதி ஆவியாகாது திடப்பொருளாகவே நின்றுவிடும். ஒரு பகுதி புகையாய்ப் பறக்கும். எஞ்சியது குழலுள் கசடாய்ப் படியும். ஒவ்வொரு வெடிக்கும் குழல் சிறிது சிறிதாக ஒடுங்கும் என்பதே இதன் பொருள். வறண்ட காற்றில் அக்கசடு ஓடுபோல் இறுகும். குண்டின்மேல் பூசும் கொழுப்போ மெழுகோ இதனை நெகிழ்த்தி, அடுத்த குண்டுக்கு வழிசெய்கின்றது. ஆகவே பூச்சு என்பது அலங்காரம் அன்று. அஃதின்றேல் பத்திருபது வெடிகளுக்குப்பின் அத்துப்பாக்கி வெறுங் கழியே.

பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே 1849-ல் வெளிப்படுத்திய குண்டு இருவகையின் நலத்தையும் ஒருங்கே தந்தது. நீண்டு கூரிய முனையும் குடைந்த அடியும் உடைய அது, குழலினும் சற்றுச் சிறியதாகையால் எளிதில் இறங்கும். வெடிக்கும்போது ஆவியின் அழுத்தத்தால் அடி விரிந்து சால்களைப் பற்றும். இங்கிலாந்தார் 1853-ம் ஆண்டு அமைத்த என்ஃபீல்டு ரைபிளும் இம்முறையைத் தழுவியதே. அதன் குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். இடைவெளி ஆயிரத்தில் ஒன்பது கூறு! அதனுள்ளேயே குண்டைச் சுற்றிய தாளும், அதன்மேற் பூச்சும் அடங்கவேண்டும். இன்றும் அமெரிக்காவில் இத்தகைய துப்பாக்கிகளைச் சுட்டுப் பயிலும் ஆர்வலர், தாமே வார்த்த குண்டுகளை எஃகு வளையம் ஒன்றினூடே ஒவ்வொன்றாகத் தள்ளி, குழலினும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு கூறு குறையும்படி ஒரே அளவாக்கிக்கொள்கின்றனர். ஈயமும் கலப்பற்றதாய் மெத்தென்றிருத்தல் வேண்டும். வேறு உலோகம் கலந்து கடினமானால் அடி விரியாது. பின்னர்த் தேன்மெழுகையும் கொழுப்பையோ ஒலிவ எண்ணெயையோ சேர்த்துருக்கிக் குண்டின் வரைகளில் நிரப்புவர். இவ்வளவு பொறுமையைச் செய்யுள் திருத்தும் புலவரிடத்தன்றி யான் வேறெங்கும் கண்டதில்லை.

என்ஃபீல்டுத் தோட்டாவுக்கோ கொழுப்பு மிகுதியும் மெழுகு குறைவுமாகப் பூசினர். குளிர்ந்த இங்கிலாந்துக்கு அது பொருந்தும். கங்கைக் கரையின் கோடையில், கொழுப்பு உருகித் தாளில் ஊறிப்போக, குண்டு வறண்டு நிற்கும். தேன்மெழுகு உருகுவதற்கோ 60 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும்.

சிப்பாய் அத்தோட்டாவின் ஒரு முனையைப் பல்லாற் கடித்துப் பிய்த்து, மருந்தைக் குழலுட் கொட்டவேண்டுமென்பது அந்நாளைய பயிற்சி விதி. பூச்சு மற்றை முனையிலேயே இருந்தது என்பது உண்மைதான். எனினும் உருகியோடும் கொழுப்பு முனை பார்த்து நிற்குமோ? 1857 ஜனவரியில் டம்டம் பாசறையில், அக்கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்னும் பேச்சுப் பரவிற்று. அன்று என் உள்ளத்தைத் தைத்த செய்தி இதுவே: அஃது எவ்விலங்கின் கொழுப்பு என்று உறுதிகூற அதிகாரிகளாலேயே இயலவில்லை. ஒப்பந்தக்காரர் தந்ததை வாங்கினர். இன்ன விலங்கினது ஆகாது என்று எவரும் விதித்திலர். எங்கள் விடுதியில் சைவ உணவினராகிய மாணவர் ஒருவர், சமையற்காரரிடம், "அண்ணே, இது எந்தச் சட்டியிலே பொரிச்சது?" என்று கேட்ட பின்னரே இலையில் அமர்வார். அவரை அறிவிலி என்பார் எங்களுள் ஒருவரும் இலர். சமையற்காரரும் முகங்கோணாது விடையிறுப்பார். நம் தமிழ்நாட்டிலேயே, 1806-ல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் தோற்சின்னம் பொருந்திய புதுத் தலைப்பாகையை மறுத்தெழுந்து அப்போது 51 ஆண்டுகள்தாம் கழிந்திருந்தன.

ஜனவரி முடிவிற்குள் அரசாங்கத்தார், சிப்பாய்கள் தாம் விரும்பும் பூச்சைத் தாமே வாங்கி இட்டுக்கொள்ளலாம் என்றனர். பின்னர்க் கடிப்பதற்கு மாறாகக் கையாற் கிழிக்கலாம் என்றும் விதியை மாற்றினர். அதற்குள் ஐயம் கொழுப்பைக் கடந்து பளபளக்கும் தாளின்மேலும் படர்ந்துவிட்டது. ஏப்ரல் 24-ந் தேதி மீரட்டில் 85 குதிரைவீரர் மறுத்த தோட்டாக்கள் புதியனவும் அல்ல; நெடுநாள் வழங்கிய பழையனவே. மே மாதம் 10-ந் தேதி மீரட் எழுந்தது.

போர் அடங்கியபின், 1859-ம் ஆண்டளவில், குண்டின் விட்டத்தை 0.550 அங்குலமாகக் குறைத்துக் கொழுப்பை நீக்கி, வெறுந் தேன்மெழுகையே பூசலாயினர். ஆயிரத்தில் பதினெட்டுக் கூறு இளைத்த அக்குண்டு கசடேறிய குழலிலும் எளிதாக இறங்கிற்று. இம்மாற்றத்துக்கு ஏதுவாயது சிப்பாய்களின் முறையீடன்று. இந்திய வெயிலில் தம் துப்பாக்கிகளுக்குக் குண்டிட இயலவில்லை என்று ஆங்கிலப் படையினர் செய்த முறையீடே.