ஓஹேரில் ஒன்றரை மணித்தியாலம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய பாகத்திலே, மிச்சிகன் என்னும் பேரேரியின் கரையில் அமைந்துள்ளது சிக்காகோ மாநகரம். அதன் நடுப்பகுதியிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 27 கிலோமீற்றர் தொலைவில் ஓஹேர் விமான நிலையம் பரந்து கிடக்கின்றது. எட்டு ஓடுபாதைகளும், முனையங்கள் எனப்படும் நான்கு பெரிய பிரயாணிகள் கட்டடங்களும், இரவு பகல் பாராது வந்துபோகும் விமானங்களும் அதனை ஒரு தனி நகரமாகவே ஆக்கியுள்ளன. அயல் மாநிலங்களிலுள்ள பல்கலைக்கழகங்களை நாடிச் செல்லும் மாணவர்க்கு அமெரிக்காவின் தலைவாயில் பெரும்பாலும் இதுவே.

இவ்விடம் முன்னாளில் ஓச்சட் பிளேஸ் என்ற சிற்றூராக இருந்தது. ஓச்சட் என்றால் பழத்தோட்டம். இரண்டாம் உலகப் போரின்போது டக்ளஸ் கம்பெனியார் இங்கே தொழிற்சாலை அமைத்துப் போக்குவரத்து விமானங்களைக் கட்டினர். போர் முடிந்தபின் நகரத்தார் அதனைப் பொது விமான நிலையமாக்கினர். 1943 இல் போரில் உயிர்நீத்த கடற்படை விமானி எட்வேட் ஓஹேரின் பெயர் 1949 இல் அதற்குச் சூட்டப்பெற்றது. எனினும் பழைய பெயர் முற்றாக மறையவில்லை. பிரயாணிகளின் பெட்டிகளிற் கட்டும் துண்டுகளில் இந்நிலையத்தைக் குறிக்கும் ஓ, ஆர், டி என்னும் மூன்றெழுத்தும் அந்தப் பழத்தோட்டத்தின் எச்சமேயாகும்.

முனையங்களின் இலக்கங்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1, 2, 3, 5 என்றே அவை எண்ணப்படுகின்றன. நான்கைத் தேடினால் கிடையாது. 1985 முதல் 1993 வரை வெளிநாட்டு விமானங்களுக்கென்று ஒரு தற்காலிக முனையம் அந்த இலக்கத்துடன் இயங்கியது. 1993 இல் ஐந்தாம் முனையம் திறக்கப்பட்டதும் அது மறைந்தது. இன்று பிறநாடுகளிலிருந்து வருவோரிற் பெரும்பாலோர் இறங்குவது ஐந்தாம் முனையத்திலேதான். உள்நாட்டு விமானங்களிற் பெரும்பாலானவையோ ஏனைய மூன்றிலிருந்து புறப்படுகின்றன. நாம் சொல்லவந்த சங்கடம் இங்கேதான் தொடங்குகின்றது.

கட்டுநாயக்காவில் ஏறி, டோஹாவில் மாறி, 14 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட நெடும் பறப்பின் பின் ஓஹேரில் இறங்கும் ஒரு மாணவனை எண்ணிக்கொள்வோம். விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள மடிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு அவன் போகவேண்டும். மடிசன் விமானம் ஒன்றரை மணித்தியாலத்திற் புறப்படும் என்று பிரயாணச் சீட்டுச் சொல்கின்றது. ஒன்றரை மணித்தியாலம் என்பது, வீட்டில் மேசை முன் அமர்ந்து பார்க்கும்போது தாராளமாகவே தோன்றும். ஆனால் விமானத்தின் கதவு வழக்கமாகப் புறப்பாட்டுக்கு 15 நிமிஷத்துக்கு முன்னரே அடைபட்டுவிடும். பின்வரிசையில் இருந்தவன் வெளியே வருவதற்கும் 15, 20 நிமிஷம் கழியும். எஞ்சியது ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவே.

அந்த நேரத்துள் அவன் கடக்கவேண்டிய வாயில்கள் ஐந்து. முதலாவது, குடிவரவு உத்தியோகத்தரின் மேசை. தூரதேசத்து விமானங்கள் பிற்பகலில் அடுத்தடுத்து வந்திறங்கும்போது வரிசை பாம்புபோல் நெளிந்து நீளும். இரண்டாவது, பெட்டி. கட்டுநாயக்காவில் ஒப்படைத்த பெட்டியில் மடிசன் என்றே துண்டு கட்டியிருக்கும். அது தானாகவே அங்கு போய்ச் சேரும் என்று நம்பி நேரே நடந்துவிடுவோர் உளர். அமெரிக்காவில், அண்மையில் விலக்களிக்கப்பட்ட சில சேவைகளைத் தவிர, முதலில் இறங்கும் நிலையத்திலேயே பிரயாணி தன் பெட்டியை எடுத்துக்கொண்டு சுங்கத்தைக் கடக்கவேண்டும் என்பது விதி. ஆகவே மூன்றாவது வாயில் சுங்கம். அதன் வெளியே, மேற்செல்லும் பெட்டிகளை மீண்டும் வாங்கிக்கொள்ளும் இடம் நான்காவது. பின்னர் ஓட்டுநரின்றித் தானே இயங்கும் சிறு மின்சார ரயிலில் ஏறி மற்றை முனையத்துக்குப் போகவேண்டும், அதற்குக் கட்டணமில்லை. அங்கே பாதுகாப்புச் சோதனை ஐந்தாவது வாயில். டோஹாவிற் சோதித்தார்களே என்று சொல்லித் தப்ப முடியாது.

இவ்வைந்தினுள் எதனையும் ஓடிக் கடத்தல் இயலாது. வரிசையில் நிற்பவன் எவ்வளவு விரைவாக ஓட வல்லவனாயினும் வரிசையின் வேகத்திலேயே நகர்வான். இந்தப் பந்தயத்தின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் ஊரிலேயே, சீட்டு வாங்கும் நாளிலும் பெட்டி கட்டும் இரவிலும் தீர்மானமாகிவிடுகின்றன.

முதலிற் பெட்டியைப் பார்ப்போம். மகன் தூரதேசம் போகிறான் என்று தாய்மார் அன்போடு வைக்கும் பொருள்களுள் பச்சைக் கறிவேப்பிலை ஒன்று. எலுமிச்சை, தோடை இனத்து மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்வதால், அமெரிக்கச் சுங்கத்தார் அதனை உள்ளே விடுவதில்லை. பழவகை, இறைச்சி ஆகியவற்றிலும் கண்டிப்பு மிகுதி. உணவுப் பொருள் எது இருந்தாலும் கேட்கும்போது உள்ளதைச் சொல்லிவிடவேண்டும். மறைத்தால் தண்டம் விதிக்கப்படலாம். பெட்டியைத் திறந்து சோதிக்க நேர்ந்தாலோ மடிசன் விமானம் காத்திராது. பல்கலைக்கழகம் தந்த ஐ-20 பத்திரம் கடவுச்சீட்டுடன் கையிலேயே இருக்கவேண்டும். வழியில் வாங்கிய வாசனைத் திரவியமோ பிற திரவமோ 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலாயின், நான்காம் வாயிலில் ஒப்படைக்குமுன் அதனைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடுதல் நன்று. அத்தருணம் தப்பினால் ஐந்தாம் வாயிலில் அதனை இழக்கவும் நேரலாம்.

அடுத்து, சீட்டு. சிக்காகோ வரை ஒன்று, அங்கிருந்து மடிசனுக்கு வேறொன்று என இரண்டாகப் பிரித்து வாங்கினால் சில சமயம் பணம் மீதமாகும். கடன்பட்டுப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்கு அது பெரிய ஆசையே. ஆயினும் அதில் ஒளிந்திருக்கும் நட்டத்தை அறிதல் வேண்டும். முழுப் பிரயாணமும் ஒரே சீட்டாக இருந்து, முதல் விமானம் பிந்தியதால் அடுத்தது தவறினால், இடமுள்ள வேறொரு விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு விமானக் கம்பெனியாரைச் சாரும். தனித்தனிச் சீட்டுகளாயின், இரண்டாவது கம்பெனியாரின் கணக்கில் அவன் வராத பிரயாணி, சீட்டு வீணாகும். மீதப்பட்ட பணத்திலும் கூடுதலாகக் கொடுத்துப் புதுச் சீட்டு வாங்கவேண்டியும் வரலாம்.

ஒரே சீட்டாயினும் மூன்று மணித்தியாலமேனும் இடைவெளி விட்டு வாங்குதல் உத்தமம். மாரியிற் பனியும் கோடையில் இடிமழையும் ஓஹேரின் கால அட்டவணையை அடிக்கடி குலைத்துவிடும். மடிசன் போன்ற அண்மை நகரத்துக்கு வேறு வழியும் உண்டு: நிலையத்திலிருந்தே புறப்படும் நெடுந்தூரப் பஸ் ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்தில் அங்கு கொண்டு சேர்க்கும். ஒரு பஸ் போனால் அடுத்ததைப் பிடிக்கலாம்.

பேரப்பிள்ளையைக் காண முதுமையிலே தனித்துப் போகும் பெற்றோர் பலர். அவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று முன்கூட்டியே கம்பெனியாருக்கு அறிவித்துவிடவேண்டும். நடக்கத் தளர்வுள்ளவர் இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. நாற்காலியைத் தள்ளி வருபவர் வழியறிந்தவர். ஐந்து வாயில்களையும் கடந்து அடுத்த விமானத்தின் வாசல்வரை அவர்களை அழைத்துச் செல்ல உதவுவார்.

இவ்வளவு செய்தும் விமானம் தவறுமாயின் கலங்கவேண்டியதில்லை. அந்நிலையத்தில் அது அன்றாட நிகழ்ச்சி. பதற்றமின்றிக் கம்பெனியாரின் மேசைக்குச் சென்று சீட்டைக் காட்டினால் அடுத்த ஏற்பாட்டைச் சொல்வார்கள். ஒன்று மட்டும் மறத்தலாகாது. ஆகஸ்டு மாதத்திலே சிக்காகோவில் மாலை ஐந்து மணி அடிக்கும்போது நம் ஊரில் மறுநாள் அதிகாலை மூன்றரை மணி. அந்நேரம் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். செய்தி பிந்தினாலும் பயப்படவேண்டாம் என்று புறப்படும்போதே பெற்றோருக்குச் சொல்லிவைப்பதும் பிரயாண ஆயத்தத்தில் ஒரு பகுதியே.